பத்துப் பொருத்தம் பார்த்த கணினி

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் மூன்று தலைமுறைகளாக மிளகு, சுக்கு, ஏலம் ஆகியவற்றுக்குத் தரகு செய்துவரும் குடும்பம் எங்களுடையது. பாட்டனார் நெல்லைச் சீமையை விட்டு வந்தவர். எனினும் எங்கள் இல்லத்தில் இன்றும் ஒலிப்பது தமிழே. சரக்கை மூட்டையின் வாயில் பார்த்து வாங்காதே, கையை அடிவரை விட்டுப் பார்த்து வாங்கு என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். அந்தப் பாடத்தை மறந்து நாங்கள் வாங்கிய ஒரு கணினியைப் பற்றியும், நினைவில் நிறுத்தி வாங்கிய மற்றொரு கணினியைப் பற்றியும் இங்கே எழுதுகிறோம்.

2021ஆம் ஆண்டில், பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளுக்காக விளையாட்டுக்கும் அனிமேஷனுக்கும் உகந்த கணினி ஒன்றை 85,000 ரூபாய்க்கு வாங்கினோம். உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கிடைத்ததே பெரிது என்று மகிழ்ந்து, மற்ற பாகங்களைப் பற்றி நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடுமையான காட்சிகள் வரும்போதெல்லாம் கணினி தானாக அணைந்தது. ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில், இடி முழக்கத்துக்கு நடுவே, ஒரேயடியாக அணைந்தது. கருகிய நாற்றம் அறை முழுவதும் பரவிற்று. மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். தான் போனதோடு மதர்போர்டையும் சேமிப்புத் தட்டையும் உடன் கொண்டுபோயிற்று. இரண்டாண்டு காலம் மகள் வரைந்து சேர்த்த ஓவியக் கோப்புகள் யாவும் அந்தத் தட்டில்தான் இருந்தன. கடையில் தந்த பில்லில் ‘கணினி – 1’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லாததால், உத்தரவாதம் கோரவும் வழியில்லை.

பணம் போனதைவிட அந்தக் கோப்புகள் போனதே எங்களை வருத்தியது. மகள் அழவில்லை, பல மாதங்கள் வரையவும் இல்லை.

2022 மே மாதம் எங்கள் வங்கிக் கிளையில் மாதம் 6,000 ரூபாய் வீதம் 36 மாதங்களுக்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினோம். 2025 மே மாதம் அது முதிர்ந்தபோது, அசல் 2,16,000 ரூபாய் வட்டியோடு சேர்ந்து ஏறத்தாழ 2,34,000 ரூபாயாகக் கைக்கு வந்தது. அதற்குள் மகள் அனிமேஷன் பட்டப்படிப்பின் இறுதியாண்டை எட்டியிருந்தாள். கணினி விளையாட்டு ஒன்றைத் தானே உருவாக்குவது அவளுடைய இறுதியாண்டுப் பணி.

‘விளையாட்டுக்கு இத்தனை பணமா?’ என்று உறவினர் சிலர் வினவினர். 2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டை இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. ஆயினும் எங்களுக்கு அவையெல்லாம் இரண்டாம் பட்சம். ஒருமுறை உடைந்த நம்பிக்கையை மீட்டெடுப்பதே முதல் நோக்கம்.

இம்முறை வழிகாட்டியது எங்கள் ஆச்சி. “கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கோம்லா? அதுல ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் ஒத்துப்போகுதான்னு பாத்தியளா?” என்று அவர் கேட்டது வேடிக்கையாகத் தோன்றினாலும், ஒரு கணினியைத் தேர்ந்தெடுப்பதற்கு அதைவிடச் சரியான முறை இல்லை என்பதை விரைவில் உணர்ந்தோம். மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்துத் தலைப்புகளை எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் விடை கிடைக்கும் வரை ஒரு ரூபாயும் செலவழிப்பதில்லை என்று தீர்மானித்தோம்.

முதற்பொருத்தம்: பயனும் மானிட்டரும்

பலரும் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்தே தொடங்குவர். ஆனால் தொடங்க வேண்டிய இடம் மானிட்டர். 1920 × 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 2560 × 1440 திரையில் 36.9 இலட்சம். 4கே எனப்படும் 3840 × 2160 திரையில் 82.9 இலட்சம், அதாவது முதலாவதைப்போல் நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 முறையோ, 144 முறையோ, அதற்கு மேலோ புதிதாகத் தீட்டுவதே கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. ஆகவே திரை எதுவென்று முடிவானால்தான் கார்டு எதுவென்று முடிவாகும். 4கே திரைக்குச் சிறிய கார்டு வாங்கினால் காட்சி தடுமாறும். சிறிய திரைக்குப் பெரிய கார்டு வாங்கினால் பணம் உறங்கும். நாங்கள் தேர்ந்தெடுத்தது 2560 × 1440 அளவில், நொடிக்கு 165 முறை புதுப்பிக்கும் 27 அங்குலத் திரை.

இரண்டாம் பொருத்தம்: கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும்

விளையாட்டு உலகின் விதிகளையும் அசைவுகளையும் கணக்கிடுவது பிராசசர். அதைக் காட்சியாக்குவது கிராஃபிக்ஸ் கார்டு. ஒன்று தளர்ந்தால் மற்றொன்று காத்து நிற்கும். நாங்கள் தேர்ந்த கார்டு, என்விடியா நிறுவனம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ. அதன் நினைவகம் 16 ஜிபி. மின்தேவை 300 வாட். அதே வரிசையின் உச்சியில் நிற்கும் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுக்கு 575 வாட் வேண்டும். விலையோ எங்கள் மொத்தத் தொகையையும் விழுங்கிவிடும்.

பிராசசராக ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 9800எக்ஸ்3டி அமைந்தது. 2024 நவம்பரில் வெளிவந்த இதில் 8 கருக்களும், 96 எம்பி அளவுள்ள மூன்றாம் நிலைத் தற்காலிக நினைவகமும் உள்ளன. அடிக்கடி வேண்டப்படும் தரவு பிராசசருக்கு அருகிலேயே இருப்பதால் விளையாட்டுகளில் இது சிறந்து விளங்குகிறது. காணொளிகளைத் தொகுப்பதையே பெரும்பணியாகக் கொண்டவர்களுக்குக் கருக்களின் எண்ணிக்கை மிகுந்த வேறு பிராசசர் பொருந்தும். பெயரைவிட வேலையே அளவுகோல்.

மூன்றாம் பொருத்தம்: பிராசசரும் மதர்போர்டும்

பிராசசர் அமரும் இருக்கைக்குச் சாக்கெட் என்று பெயர். இது பொருந்தாவிடில் மற்ற எதுவும் பொருந்தாது. ஏஎம்டி நிறுவனம் 2022 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய ஏஎம்5 சாக்கெட்டில் 1718 தொடுமுனைகள் உள்ளன. இன்டெல் நிறுவனத்தின் 12, 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கு எல்ஜிஏ1700 என்னும் சாக்கெட். ஒன்றுக்குரியது மற்றொன்றில் அமராது. ஒரே நிறுவனத்தின் பழைய ஏஎம்4 பிராசசரும் ஏஎம்5 பலகையில் அமராது.

இங்கே எதிர்காலமும் ஒரு கணக்கு. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்குப் பின்னரும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்துள்ளது. சில ஆண்டுகள் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள இயலுமாயின், இன்று வாங்கும் பலகையின் விலை அத்தனை ஆண்டுகளுக்கும் பங்கிடப்படும். இந்த எண்ணத்தில் பி850 சிப்செட் கொண்ட மதர்போர்டு ஒன்றைக் குறித்துக்கொண்டோம்.

நான்காம் பொருத்தம்: பலகையும் பயாசும்

சாக்கெட் பொருந்தியும் கணினி உயிர்பெறாமல் போவதுண்டு. மதர்போர்டைத் தட்டியெழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ், தனக்குப் பின் பிறந்த பிராசசரை அறியாது. 2022ஆம் ஆண்டுத் தயாரிப்பான பி650 பலகை, 2024இல் வந்த பிராசசரை ஏற்கும். ஆனால் பயாசைப் புதுப்பித்த பிறகே ஏற்கும். பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் மூலம் பயாசைப் புதுப்பிக்கும் பொத்தான் சில பலகைகளில் உண்டு. அந்த வசதி உள்ளதையே தேர்ந்தோம். ஒவ்வொரு பலகைக்கும் ஏற்ற பிராசசர்களின் பட்டியலையும், எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்பதையும் தயாரிப்பாளர் தம் இணையதளத்தில் வெளியிடுகின்றனர். அதை அச்சிட்டு நோட்டில் ஒட்டினோம்.

பயாஸ் என்பது வெறும் தொடக்க மென்பொருள் அன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர்கள் சிலவற்றில் நிலையின்மைக் கோளாறு தோன்றியது. அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தமே காரணம் என்று 2024இல் அந்நிறுவனம் அறிவித்து, பயாஸ் வழியே திருத்தம் வழங்கியது. உத்தரவாதத்தையும் இரண்டாண்டுகள் நீட்டித்தது. பில்லும் பெட்டியும் பத்திரமாக வைத்திருந்தோருக்கே இத்தகைய நீட்டிப்பு எளிதில் பயன்படும்.

ஐந்தாம் பொருத்தம்: ரேம்

டிடிஆர்4, டிடிஆர்5 என்னும் இருவகை ரேம்களிலும் தொடுமுனைகள் 288தான். கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. வலிந்து அழுத்தினால் உடைவது பலகை. ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 வகையை மட்டுமே ஏற்பவை.

32 ஜிபி வேண்டுமெனில் 16 ஜிபி அளவில் இரண்டு குச்சிகள் ஒரே பெட்டியில் வருபவையே நலம். நான்கு குச்சிகளைச் செருகினால் டிடிஆர்5 ரேமின் வேகம் குறைய நேரிடும். தனித்தனியாக வாங்கிய குச்சிகள் ஒரே நிறுவனத்தினுடையவை ஆயினும் ஒத்துழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. நான்கு இடங்கள் கொண்ட பலகையில், இரண்டு குச்சிகளையும் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாம், நான்காம் இடங்களில் செருகுவதே வழக்கம். இறுதியாக ஒன்று: 6000 என்று பெட்டியில் அச்சிட்ட வேகம் தானாக வராது. பயாசில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை நாம்தான் இயக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய வேகத்தை இதையறியாமல் இழப்போர் பலர்.

ஆறாம் பொருத்தம்: சேமிப்பு

எம்.2 வடிவிலுள்ள எஸ்.எஸ்.டி. எல்லாம் ஒரே இனம் அல்ல. சாட்டா வழியில் இயங்குபவை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை படிக்கும். நான்காம் தலைமுறை என்விஎம்இ வகையில் சிறந்தவை 7,000 எம்பியைத் தொடும். பலகை எந்த வகையை ஏற்கிறது என்பதையும், இரண்டாவது எம்.2 இடத்தை நிரப்பினால் வேறெந்த இணைப்பு செயலிழக்கும் என்பதையும் கையேட்டில் பார்த்தாக வேண்டும்.

எனினும் எங்கள் நோட்டில் இத்தலைப்பின் கீழ் முதலில் எழுதப்பட்டது வேகம் அன்று. ‘கணினிக்கு வெளியே ஒரு பிரதி’ என்று மகள் எழுதியிருந்தாள். அதற்கு நாங்கள் விளக்கம் கேட்கவில்லை. வெளிப்புற வன்தட்டு ஒன்றுக்கும் பட்டியலில் இடம் ஒதுக்கினோம்.

ஏழாம் பொருத்தம்: கேபினட்டின் அளவுகள்

மில்லிமீட்டர்களில் பார்க்க வேண்டிய பொருத்தம் இது. ஏடிஎக்ஸ் பலகையின் அளவு 305 × 244 மி.மீ.; மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244; மினி ஐடிஎக்ஸ் 170 × 170. பெரிய கேபினட்டில் சிறிய பலகை அமரும். சிறியதில் பெரியது அமராது. அடுத்து, இக்காலக் கிராஃபிக்ஸ் கார்டுகள் பல 300 மி.மீ. நீளத்தைக் கடந்தவை, மூன்று அட்டைகளின் இடத்தை அடைத்துக்கொள்பவை. கேபினட்டின் முன்புறம் மின்விசிறியோ நீர்க்குளிர்விப்பானோ இருப்பின் அதன் தடிமனையும் கழித்தே நீளத்தைக் கணக்கிட வேண்டும்.

9800எக்ஸ்3டி பிராசசரோடு கூலர் வராது. தனியே வாங்க வேண்டும். கோபுர வடிவக் கூலர்கள் 155 முதல் 165 மி.மீ. வரை உயரமுள்ளவை. கேபினட்டின் பக்கக் கதவு மூடுமா, கூலரின் விசிறி உயரமான ரேம் குச்சியின்மேல் இடிக்குமா என்ற இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள். எர்ணாகுளம் ஷண்முகம் சாலையிலுள்ள பென்டா மேனகா வளாகத்துக்கு ஒரு சனிக்கிழமை அளவு நாடாவோடு சென்றோம். எவரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கடைக்காரர் ஒருவர், தாமே ஒரு கேபினட்டைத் திறந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

எட்டாம் பொருத்தம்: எஸ்.எம்.பி.எஸ்.

திருமணப் பொருத்தங்களில் ரஜ்ஜுவே தலையாயது என்பர். மற்றவை யாவும் கூடியிருந்து ரஜ்ஜு மட்டும் தட்டினால் வேண்டாம் என்று விலகுவோர் உண்டு. ரஜ்ஜு என்றால் கயிறு. கணினியின் ஒவ்வொரு பாகத்துக்கும் கயிறு போல ஓடும் கேபிள்கள் புறப்படுமிடம் எஸ்.எம்.பி.எஸ். எங்கள் பழைய கணினி கெட்டது இவ்விடத்தில்தான்.

செயலிழந்த அந்தப் பெட்டியை நாங்கள் எறியவில்லை. பின்னாளில் அதன் பக்கவாட்டுச் சீட்டைப் படித்தோம். பெரிய எழுத்தில் 600 வாட் என்றிருந்தது. சிறிய எழுத்து அட்டவணையில், பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் உண்ணும் 12 வோல்ட் வரிசைக்கு நேரே 25 ஆம்பியர் என்றிருந்தது. பன்னிரண்டை இருபத்தைந்தால் பெருக்கினால் முந்நூறு. அறுநூறு என்று நம்பி வாங்கியதன் பயன்தரு வலிமை முந்நூறே. மூட்டையின் அடிவரை கைவிட்டுப் பார்த்திருந்தால், எங்களைப்போன்ற தரகருக்கு அது தப்பியிராது.

இம்முறை கணக்கைக் காகிதத்தில் போட்டோம். கிராஃபிக்ஸ் கார்டுக்கு 300 வாட். பிராசசருக்கு உச்சச் சுமையில் 162. பலகை, ரேம், எஸ்.எஸ்.டி., விசிறிகள் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 80. கூட்டினால் 542. இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 750 வாட் எஸ்.எம்.பி.எஸ். நாங்கள் வாங்கியது 850 வாட். அதன் 12 வோல்ட் வரிசை 70 ஆம்பியர். அது 80 பிளஸ் கோல்டு தரச்சான்றும் பெற்றது. அதாவது பாதிச் சுமையில் 90 சதவீதத்துக்குக் குறையாத திறன்.

சராசரிக் கணக்கு மட்டும் போதாது. இன்றைய கார்டுகள் கண நேரத்துக்கு வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்சாரத்தை இழுப்பவை. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தன் வலிமையைப்போல் இருமடங்கைத் தாங்கும் ஆற்றலை எதிர்பார்க்கிறது. எங்கள் பழைய கணினி கடுமையான காட்சிகளில் அணைந்ததன் காரணம் இதைப் படித்தபோது விளங்கிற்று.

கேபிளைச் செருகுவதிலும் கவனம் வேண்டும். 2022 அக்டோபரில், ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் மின்னிணைப்பு உருகியதாகச் செய்திகள் வெளிவந்தன. முழுமையாகச் செருகப்படாததே பல நிகழ்வுகளில் காணப்பட்ட பொதுக்குறை என்று என்விடியா பின்னர்த் தெரிவித்தது. அதன்பின் வந்த 12வி-2×6 இணைப்பு, முழுமையாகச் செருகாவிடில் மின்சாரம் பாயாதவாறு திருத்தி அமைக்கப்பட்டது. மற்றோர் எச்சரிக்கை: ஒரு நிறுவனத்து எஸ்.எம்.பி.எஸ். கேபிளை வேறொரு நிறுவனத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகலாகாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம். பாகங்கள் எரிந்துபோக அது ஒன்றே போதும்.

ஒன்பதாம் பொருத்தம்: வீடும் வானிலையும்

கணினி எங்கே வாழப்போகிறது என்பதும் ஒரு பொருத்தமே. மட்டாஞ்சேரியில் காற்றே ஈரமானது. அதில் கடலின் உப்பும் கலந்திருக்கும். மழைக்காலத்தில் நீர் தேங்கும் தெருக்களும் உண்டு. ஆகவே கணினியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்தோம். சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, தூசு வடிகட்டி உள்ள கேபினட்டாகத் தேர்ந்தோம்.

துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழையின் பிற்பகல் இடிமின்னலைக் கேரளத்தார் நன்கறிவர். வீட்டு நில இணைப்பைத் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்தோம். இடி தொடங்கினால் செருகியைப் பிடுங்கிவிடுவது என்பது இப்போது வீட்டு விதி.

யு.பி.எஸ். வாங்கும்போது விஏ என்னும் அளவை வாட் என்று மயங்கக் கூடாது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தாங்கும். எங்கள் கணினிக்கு அது காணாது. தூய சைன் அலை தரும் 1500 விஏ, 900 வாட் வகையை வாங்கினோம். மின்கட்டணத்தையும் கணக்கிட்டோம். 500 வாட் வீதம் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இயங்கினால் 2 யூனிட். கேரள மின்வாரியத்தின் இருமாதப் பில்லில் அது 120 யூனிட்டாகும். வீட்டின் மொத்தப் பயன்பாடு மேல்படிக்கு உயர்ந்தால் கட்டண வீதமும் உயரும். இதுவும் கணினியின் விலையே.

பத்தாம் பொருத்தம்: கணினியும் குடும்பத்தின் கையிருப்பும்

கடைகளில் எங்களுக்கு அடிக்கடி சொல்லப்பட்டது, இன்னும் சிறிது சேர்த்தால் மேலான கார்டு, மீதியை வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்பது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என ரிசர்வ் வங்கி 2013இலேயே தெளிவுபடுத்தியுள்ளது. இத்தகைய திட்டங்களில் வட்டிக்கு ஈடான தொகை விலைத் தள்ளுபடியாகக் காட்டப்படும். கடன் அட்டைத் தவணையாயின் வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும், சிலவற்றில் செயலாக்கக் கட்டணமும் வாங்குவோர் தலையிலேயே விழும். ரொக்கமாக வாங்கினால் கிடைக்கக்கூடிய தள்ளுபடியும் போய்விடும். தவணை தவறன்று, அதன் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்காமல் ஏற்பதே தவறு. தரகுத் தொழிலில் வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறியிறங்கும். அத்தகைய குடும்பத்துக்கு நிலையான தவணைச் சுமை பொருந்தாது என்று கருதி, முதிர்ந்த தொகைக்குள் நின்றோம். விண்டோஸ் உரிமம், யு.பி.எஸ்., வெளிப்புற வன்தட்டு ஆகியவற்றையும் பட்டியலின் தொடக்கத்திலேயே சேர்த்திருந்ததால், கடைசி நேரத்தில் கை கடிக்கவில்லை.

பில்லைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் பகுதியில் இந்திய மிளகு மற்றும் வாசனைப் பொருள் வணிகச் சங்கம் 1957இல் தொடங்கி மிளகின் முன்பேர வணிகத்தை நடத்தியது. கண்ணால் காணாத சரக்குக்கு விலை பேசப்பட்டது எவ்வாறு? லிட்டர் எடை, ஈரப்பதம் என்று தரம் எழுத்தில் இருந்தமையால்தான். அதுபோல, இம்முறை ஒவ்வொரு பாகத்தின் முழுப்பெயரும் வரிசை எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் கொண்ட பில்லைக் கேட்டு வாங்கினோம். உத்தரவாதம் இந்தியாவில் செல்லுபடியாகுமா, எத்தனை ஆண்டுகள், பழுதானால் கொண்டுசெல்ல வேண்டிய இடம் கடையா, நிறுவனத்தின் சேவை மையமா என்று எழுதிப் பெற்றோம். பெட்டிகளைப் பிரிக்கும்போது கைபேசியில் பதிவு செய்தோம். தகராறு எழுந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம் என்பதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டோம்.

முதல் வெளிச்சம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்து மேசையில் மகளே கணினியைப் பூட்டினாள். கேட்டதை எடுத்துக் கொடுப்பதே எங்கள் பணி. இலேசாக அழுத்த வேண்டியதை இலேசாகவும், ‘கிளிக்’ என்று ஒலிக்க வேண்டியதை ஒலிக்கும் வரையிலும் அழுத்தினாள். கிராஃபிக்ஸ் கார்டின் மின்னிணைப்பை இருமுறை விளக்கொளியில் சரிபார்த்தாள். மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகாமல் கார்டின் துளையிலேயே செருகினாள். இதை மாற்றிச் செருகிவிட்டு, விலையுயர்ந்த கார்டை வேலையின்றி உறங்கவிடுவோர் உண்டு.

மாலை ஐந்து மணிக்குப் பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் சுழன்றன. திரை இருண்டே கிடந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டாயிற்று. அந்தப் பழைய கருகல் நாற்றம் எங்கள் நினைவில் எழுந்தது. அணைத்துவிடலாமா என்று கை நீண்டபோது மகள் தடுத்தாள். “வேண்டாம்ப்பா. முதல் தடவை பலகை ரேமைப் பழகிக்கொள்ளும். சில நிமிடங்கள் ஆகும் என்று கையேட்டில் இருக்கிறது” என்றாள். நோட்டில் அந்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருந்தாள். டிடிஆர்5 ரேம் கொண்ட பலகைகளில் முதல் இயக்கத்தின்போது இத்தாமதம் இயல்பே என்றும், இடையில் மின்சாரத்தை நிறுத்தலாகாது என்றும் பின்னர் நாங்களும் படித்தறிந்தோம்.

மூன்றாம் நிமிடத்தின் இறுதியில் திரை ஒளிர்ந்தது. “பொருத்தம் சரிதான்” என்று ஆச்சி சொல்லிவிட்டு விளக்கேற்ற எழுந்து போனார்.

அன்றிரவு மகள் முதலில் செய்தது விளையாட்டு அன்று. புதிய கோப்பு ஒன்றைத் திறந்து ஏதோ வரைந்தாள். வெளிப்புற வன்தட்டில் அதன் பிரதியை எடுத்தாள். தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதன் பிறகே தம்பியை அழைத்து விளையாட அமர்ந்தாள்.

2021இல் நாங்கள் இழந்ததற்குக் காரணம் பணக்குறைவு அன்று. கேளாமல் விட்ட கேள்விகளே. விலையுயர்ந்த பாகங்களைச் சேர்த்துவைப்பதால் மட்டும் நல்ல கணினி அமைந்துவிடாது. ஒவ்வொரு பாகமும் தன் அண்டைப் பாகத்தின் எல்லைக்குள் நிற்கிறதா என்பதை எண்களில் பார்த்தறிய வேண்டும். அவை எல்லாம் சேர்ந்து வீட்டின் மின்சாரத்துக்கும் வருமானத்துக்கும் உள்ளே நிற்கின்றனவா என்பதையும் பார்த்தாக வேண்டும். கணினி வாங்க எண்ணும் வாசகர்கள் கடைக்குச் செல்லுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்துத் தலைப்புகளை எழுதிக்கொள்வார்களாக. தொகை போதாதாயின், எங்களைப்போல் ஒரு தொடர் வைப்பைத் தொடங்கிக் காத்திருக்கலாம். பணம் சேரும் அந்தக் காலத்தில் கேட்க வேண்டிய கேள்விகளும் சேரும்.